அதியமான் வீட்டுக்கு வந்த ஒரம்பரை

வீட்டில் ஓர் அறையை நாள் வாடகைக்கு விட்டுப் பிழைக்கிற வித்தை 2007 அக்டோபரில் சான்பிரான்சிஸ்கோவில் பிறந்தது என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. பிரையன் செஸ்கி, ஜோ கெபியா என்று இரண்டு பையன்கள். வாடகை கட்டக் காசில்லை. ஊரில் வடிவமைப்பாளர் மாநாடு, ஓட்டல்களில் இடமில்லை. காற்றடைத்த மெத்தை மூன்றைத் தரையில் போட்டு, காலைச் சாப்பாட்டோடு ராத்திரிக்கு 80 டாலர் என்றார்கள். மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருத்தர் மும்பைக்காரர். அதுதான் பிறகு ஏர்பிஎன்பி ஆனது. நடுவில் 2008-இல் தொழில் படுத்தபோது, ஒபாமா பேரிலும் மெக்கெய்ன் பேரிலும் காலைப் பலகாரப் பெட்டி தயாரித்து, பெட்டி 40 டாலர் என்று விற்றுத் தலை தப்பினார்கள். படுக்க இடம் கொடுத்தவன் கடைசியில் பலகாரம் விற்றுக் கடன் அடைத்த கதை எங்கள் ஆட்டையாம்பட்டிக்காரர்களுக்குச் சட்டென்று விளங்கும். நாங்கள் சுற்றி வளைக்காமல் முறுக்கிலேயே ஆரம்பித்துவிட்டோம்.

மெத்தை ஊதினவனையெல்லாம் முதல் ஆள் என்று ஒப்புக்கொள்ள முடியாது. எங்களுக்கு வடக்கே தகடூர், இன்றைய தருமபுரி. கிழக்கே கொல்லிமலை. இந்த இரண்டு இடத்திலும் ஏறக்குறைய 2000 வருசத்துக்கு முன்னாலேயே இரண்டு பேர் போட்டி போட்டு ஒரம்பரையை, அதாவது வீட்டுக்கு வந்த விருந்தாளியை, உபசரித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே அதியமான் நெடுமான் அஞ்சி, இங்கே வல்வில் ஓரி. தகடூரிலிருந்து கொல்லிக்கு நடந்த புலவர்கள் எங்கள் ஊர் வழியாக வந்தார்களா என்று எந்தப் பாட்டிலும் இல்லை. அப்போது முறுக்கு இருந்திருந்தால் சொல்லாமல் விட்டிருக்க மாட்டார்கள். சாப்பாட்டு விஷயத்தில் சங்கப் புலவர்கள் எதையும் மறைத்ததே கிடையாது.

இதையெல்லாம் நான் தோண்டியதற்குக் காரணம் என் மச்சான். மாடியில் இரண்டு அறை எடுத்து, செயலியில் படம் போட்டு, ஏற்காடு போகிறவர்கள், திருச்செங்கோட்டு மலைக்கு வருகிறவர்கள், ஆடிப் பதினெட்டுக்குக் கொல்லிமலை ஏறுகிறவர்கள் என்று தங்கவைத்துப் பார்த்தார். முதல் சீசன் முடிந்ததும், “மனுசங்களே ஆகாதுங் மாப்ளை” என்றார். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போனவர்கள் உண்டு. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்துக்கு என்னமோ அவர்தான் பொறுப்பு என்று சண்டைக்கு நின்றவர்கள் உண்டு. வெந்நீர் தாமதம் என்று இரண்டு நட்சத்திரம் போட்ட குடும்பம் ஒன்று, போகும்போது தலையணை உறையையும் கழற்றிக்கொண்டு போயிற்று. “புறநானூறு படிங்க மச்சான், உங்களுக்கு முன்னாடியே அதியமான் எல்லாம் பட்டுட்டான்” என்றேன். அவர் அதை ஏதோ போர்ப்பாட்டுப் புத்தகம் என்று நினைத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதில் பாதிக்கு மேல் தங்கிப் போனவர்கள் எழுதிய மதிப்புரை. உ.வே. சாமிநாதையர் 1894-இல் அதை அச்சுப்போட்டு வெளியிட்டார். நட்சத்திரம் மட்டும்தான் இல்லை.

ஔவையாரிலிருந்து தொடங்கலாம். இவர் ஆத்திசூடி பாடிய பாட்டி அல்ல. அவர் பல நூற்றாண்டு கழித்து வந்தவர். தகடூருக்கு வந்த ஔவையார் கள் குடிப்பார், கறி சாப்பிடுவார், கேட்க வேண்டியதை வாசலில் நின்றே கேட்பார். அப்படிப்பட்டவரை அதியமான் ஒருநாள் வாசலில் காக்கவைத்தான்.

பரிசில் தராமல் நாளை நீட்டித்தான் என்று பழைய குறிப்பு சொல்கிறது. கொடுத்தால் கிளம்பிவிடுவார், இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்ற ஆசை என்று உரைகாரர்கள் அவனுக்காக வாதாடுகிறார்கள். அதியமானிடம் போய்க் கேட்க முடியாது, நம்பித்தான் ஆகவேண்டும். ஔவையார் நம்பவில்லை. அவன் முகத்தில் விழிக்காமல், வாயில் காவலனைப் பிடித்துக்கொண்டார். உன் ராசாவுக்குத் தன்னைத் தெரியாதா, இல்லை என்னைத்தான் தெரியாதா? அறிவும் புகழும் உள்ளவர்கள் எல்லாரும் செத்து உலகம் காலியாகிவிடவில்லை. யாழைத் தூக்கியாயிற்று, பையைக் கட்டியாயிற்று. கோடாரி எடுத்த தச்சன் பிள்ளைக்குக் காட்டில் மரத்துக்குப் பஞ்சமா? எங்களுக்கு எந்தத் திசை போனாலும் சோறு. புறநானூற்றில் 206-ஆம் பாட்டின் சாரம் இவ்வளவுதான். சாவி கொடுக்கிற இடத்தில் தாமதம் ஆனால் அடி முதலில் விழுவது வாட்ச்மேனுக்குத்தான் என்பது அன்றே முடிவாகிவிட்டது. பாவம், அந்தக் காவலன் பேரைக்கூட யாரும் எழுதிவைக்கவில்லை.

இதே ஔவையார் 101-ஆம் பாட்டில் அப்படியே திரும்பிவிடுகிறார். ஒருநாள் போனோம், இரண்டு நாள் போனோம், பல நாள் பல பேரைக் கூட்டிக்கொண்டு போனோம். முதல் நாள் காட்டிய முகத்தையே எப்போதும் காட்டினான் என்கிறார். பரிசு முன்னே பின்னே ஆகலாம், ஆனால் யானை தன் கொம்பிடையில் வைத்த கவளம் மாதிரி அது எங்கும் போகாது என்று நெஞ்சைத் தேற்றிக்கொள்கிறார். அதாவது பணம் இன்னும் கைக்கு வரவில்லை, ஆனால் வரும். என் மச்சானுக்கும் செயலிக் கம்பெனிக்கும் நடுவே இருக்கிற உறவு இதைவிட நன்றாக எங்கும் எழுதப்பட்டதில்லை.

“பல நாள், பல பேர்” என்பதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். புக்கிங் ஒரு ஆளுக்கு. வந்தது கூட்டம். 390-ஆம் பாட்டில் ஔவையாரே சொல்கிறார்: சுற்றத்தாரையெல்லாம் ஊர்ப் பொதியிலில் உட்காரவைத்துவிட்டுத்தான் உள்ளே போயிருக்கிறார். இன்றைக்கும் இதேதான் நடக்கிறது. இரண்டு பேர் என்று பதிந்துவிட்டு, மீதி ஆறு பேர் டீக்கடையில் காத்திருப்பார்கள். மச்சான் சாவியைக் கொடுத்துவிட்டுத் திரும்பியதும் ஒவ்வொருவராக மாடிப்படி ஏறுவார்கள். அதியமான் அந்தச் சுற்றத்துக்கும் சேர்த்து நெல்லுப் போராகக் கொடுத்தனுப்பினான். மச்சான் கூடுதல் ஆளுக்கு 300 ரூபாய் என்று தாளில் எழுதிக் கதவில் ஒட்டியிருக்கிறார். வள்ளல் பட்டியலில் அவர் பேர் வராது.

அதே பாட்டில் இன்னொரு விஷயம். இடுப்பில் இருந்த துணி பழந்தண்ணீர்ப் பாசி மாதிரி இருந்ததாம். அதைக் களைந்துவிட்டுப் பூப்போலப் புதுத்துணி உடுத்தி, கள்ளும் கொடுத்து, வெள்ளிக் கலத்தில் கறிச்சோறு போட்டான் அதியமான். சரி, நல்ல மனுசன். அப்புறம் 392-க்கு வாருங்கள். இப்போது அதியமான் மகன் பொகுட்டெழினியின் வீடு. ஔவையார் வருகிறார். இடுப்பில் என்ன? ஊர்க்கிணற்றுப் பாசிவேர் மாதிரிக் கந்தல். அவனும் களைந்துவிட்டுப் புதுசு உடுத்துகிறான். தேள் கொட்டினாற்போல் சுள்ளென்று ஏறும் பழங்கள்ளைப் பொன் கலத்தில் ஊற்றுகிறான். அப்பன் கொடுத்த பூத்துணி எங்கே போயிற்று என்று அவன் கேட்டதாகத் தெரியவில்லை. ஊருக்குக் கிளம்பும்போது பெட்டியின் அடியில் அந்தப் பாசித்துணி ஒன்று எப்போதும் தயாராக இருந்திருக்க வேண்டும் என்று எனக்குச் சந்தேகம். புலவர் மரபு என்று தமிழாசிரியர்கள் சமாதானம் சொல்வார்கள். ஓட்டல்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

தேள்கொட்டும் கள்ளுக்குப் பிறகு அந்தக் குடும்பத்தின் பெருமையையும் அம்மையார் மறக்காமல் சொல்லிவிடுகிறார்: இந்த நாட்டுக்குக் கரும்பைக் கொண்டுவந்தவர்களின் வாரிசு இவர்கள். அந்தப் பெருமை இன்றைக்கும் வரவேற்பு பானத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எங்கள் பக்கம் ஒரு வீட்டில் நுழைந்தால் முதலில் தண்ணி, அடுத்து நாட்டுச்சர்க்கரை போட்ட காப்பி. சர்க்கரை வியாதி என்று சொன்னாலும் பாதிதான் குறைப்பார்கள்.

எல்லா விருந்தாளியும் ஔவையார் இல்லை. பெருஞ்சித்திரனார் என்று ஒருவர் இருந்தார். அந்தப் பேரைக் கேட்டாலே வள்ளல்களுக்கு வயிற்றில் புளி கரைத்திருக்கும். குன்றும் மலையும் தாண்டி அதியமானைப் பார்க்க வந்தார். அதியமானுக்கு ஏதோ வேலை. நேரில் வராமல், இதை வாங்கிக்கொண்டு போகச்சொல் என்று பரிசை ஆள்வசம் அனுப்பிவிட்டான். இன்றைய பாஷையில், சாவி பூந்தொட்டிக்கு அடியில், கடவுச்சொல் சுவரில், நாங்கள் ஊரில் இல்லை. நகரத்தில் இதை ஏதோ வசதி என்கிறார்கள். பெருஞ்சித்திரனார் கொதித்துவிட்டார். என்னைப் பார்க்காமல் கொடுத்தால் நான் எப்படி வாங்குவேன், நான் என்ன வியாபாரப் புலவனா, தினையளவு கொடுத்தாலும் என்னை அறிந்து கொடு என்று பாடிவிட்டுப் பொருளைத் தொடாமல் போய்விட்டார். 208-ஆம் பாட்டு. புறநானூற்றில் அதியமானுக்கு விழுந்த ஒற்றை நட்சத்திரம் இது.

இதே ஆள் இளவெளிமான் என்பவனிடம் போனபோது அவன் கொஞ்சமாகக் கொடுத்தான். இவர் சண்டை போடவில்லை. நேரே குமணன் என்ற வள்ளலிடம் போய் ஒரு யானையைப் பரிசாக வாங்கிவந்து, இளவெளிமானுடைய காவல்மரத்தில் கட்டினார். கட்டிவிட்டு, இரப்பவர்களுக்குக் கொடுக்கிறவன் நீ இல்லை, அதற்காகக் கொடுக்கிறவன் உலகத்தில் இல்லாமல் போகவில்லை, இது என் பரிசு, வருகிறேன் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். விருந்தாளி வீட்டுக்காரனுக்கு எழுதிய மதிப்புரையில் உலகத்திலேயே கனமானது இதுதான். அதற்குத் தீனியும் போட்டாக வேண்டும். காவல்மரம் என்ன ஆயிற்று என்று நினைத்துப் பார்க்கவே பாவமாக இருக்கிறது.

கொல்லிமலை ஓரியின் பாணியே வேறு. இப்போது கொல்லி ஏற 70 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. ஆடியில் அங்கே அரசாங்கமே அவன் பேரில் விழா எடுக்கிறது. அப்போது ரோடு கிடையாது, கூகுள் கிடையாது. வன்பரணர் குழுவோடு காட்டில் மாட்டிக்கொண்டார். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, கடைசியில் புற்றுக்குள் இருந்த உடும்பு வரைக்கும் துளைத்த வேட்டைக்காரன் ஒருவன் எதிர்ப்பட்டான். பார்க்கத் தலைவன் மாதிரி இருக்கிறானே என்று பாட ஆரம்பித்தார்கள். மூவேழ் துறையும் முறைப்படி பாடி, கடைசியில் கோவே என்று விளித்ததும் அவனுக்கு வெட்கம் வந்துவிட்டது. மானிறைச்சி, உருக்கிய நெய் மாதிரிக் கள், தன் மலையில் விளைந்த பொன்னோடு மணிக்குவியல் என்று காட்டு நடுவிலேயே கொடுத்தான். வைத்துக்கொள்ளுங்கள் என்றான். பேரைச் சொல்லாமல் போய்விட்டான். ஓரியாக இருக்குமோ, இல்லையோ என்று புலவர் பாடும் முன்பே சந்தேகப்பட்டதோடு சரி. போட்டோ இல்லை, முகவரி இல்லை, பேரே இல்லை. ஆனாலும் ஐந்து நட்சத்திரம். மச்சான் தன் படத்தைக் கண்ணாடி போட்டு ஆறு கோணத்தில் ஏற்றியிருக்கிறார். மூன்றரைதான் நிற்கிறது.

ஆனால் ஓரியின் தாராளத்தில் ஒரு சிக்கல் உண்டு, அதையும் வன்பரணரே அடுத்த பாட்டில் போட்டு உடைக்கிறார். வெள்ளி நாரில் கட்டிய பொன் குவளையும் அணிகலனும் யானையும் வாங்கிய கூத்தர்களுக்குப் பசியே போய்விட்டதாம். பசி போனதும் ஆட்டம் போயிற்று, பாட்டும் மறந்துபோயிற்று. வயிறு நிறைந்தவன் மதிப்புரை எழுத மாட்டான். இதைக் கண்டுபிடித்தது ஏதோ மேலாண்மைப் பள்ளிக்கூடம் இல்லை, கொல்லிமலை.

ஓரியிடம் கழைதின் யானையார் என்பவரும் வந்தார். பேரே பயமுறுத்துகிறது. அவர் பாடியது உலகப் பிரசித்தம்: கொடு என்று கேட்பது இழிவு, கொடுக்க மாட்டேன் என்பது அதைவிட இழிவு. அதற்கப்புறம் ஒரு சாந்தமான மிரட்டல் வருகிறது. நீ கொடுக்காவிட்டாலும் உன்னைப் பழிக்க மாட்டோம். கிளம்பின நேரத்தையும் சகுனத்தையும்தான் பழிப்போம், நீ நல்லா இரு. இந்த மாதிரி விருந்தாளியிடம்தான் அதிக ஜாக்கிரதை வேண்டும். வெந்நீர் வராவிட்டால் பரவாயில்லைங்க என்று சிரிக்கிறவர்கள்தான் வீட்டுக்குப் போய் நாலு பத்தி எழுதுகிறார்கள்.

இங்கிருந்து கொஞ்சம் தள்ளித் திருக்கோவலூரில் மலையமான் திருமுடிக்காரி. அவனிடம் கபிலர் போனார். எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கொடுத்துக்கொண்டிருந்தான் போலிருக்கிறது. கபிலருக்குப் பிடிக்கவில்லை. கொடுப்பது சுலபம், ஆள் தரம் அறிவதுதான் கஷ்டம், புலவர்களை எல்லாம் ஒன்றாகப் பார்ப்பதை விட்டுவிடு என்று 121-ஆம் பாட்டில் அறிவுரை சொன்னார். நான்கு பேர் இருக்கிற அறையில் தனக்கு மட்டும் ஏசி கேட்கிற குரல் இது. கபிலர் என்பதால் இலக்கியம்.

எங்கே தங்கலாம் என்பதற்கே தனி இலக்கியம் செய்துவைத்தவர்கள் நம் ஆட்கள். ஆற்றுப்படை என்றால் வேறொன்றுமில்லை: தங்கிவிட்டு வந்தவன், போகப்போகிறவனிடம் வழியும் விருந்துப் பட்டியலும் சொல்வது. நத்தத்தனார் சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்தில் சுட்ட மீன், வேலூரில் காட்டுமாட்டுக் கறியோடு சூடான சோறு, ஆமூரில் வெள்ளைச் சோறும் நண்டும் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டே போகிறார். மலைபடுகடாம் 583 அடி. அதில் நன்னனின் மலைக்குப் போகிற வழியில் பன்றிக்கு வைத்த பொறி எங்கே, பாம்பு எங்கே, தினைப்புனத்துக் கவண்கல் எங்கிருந்து வந்து விழும் என்பது வரைக்கும் எச்சரிக்கை. மச்சான் வீட்டுக்கு வழி கேட்டால் செயலி திருமணிமுத்தாற்றங்கரையில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

பொருநராற்றுப்படையில் கரிகாலன் வீட்டில் நடந்தது எல்லா விருந்தோம்பிகளுக்கும் பாடம். கறி, கறி, மறுபடியும் கறி. இரவும் பகலும் தின்று தின்று, புன்செய் உழுத கொழு மாதிரிப் பல் மழுங்கிப்போயிற்று என்கிறார் வந்தவர். ஒருவழியாகத் தைரியத்தைத் திரட்டி, ஊருக்குப் போகிறோம் என்றால் கரிகாலனுக்குக் கோபம் வந்துவிட்டது. கோபப்பட்டுக்கொண்டே யானைகளைக் கொடுத்தான். நீ போனால் ஏழடி பின்னாலேயே நடந்துவந்து வழியனுப்புவான் என்றும் சொல்கிறார். எங்கள் அம்மாயி சோறு போட்டால் இதேதான்: போதுமுங்க என்றால் முறைப்பார், அடுத்த கரண்டி விழும். கிளம்பும்போது பையில் அரைக்கிலோ முறுக்கு ஏறியிருக்கும்.

இந்தத் தொழிலில் யார் நிலைத்தார்கள் என்றால், ஒருத்தரும் இல்லை. காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனிடம் கொடுத்தான். அதியமான் காரியின் கோவலூரை அடித்தான். சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரையே அழித்தான். போட்டிக்கடையை எரிப்பது என்பது அப்போது உவமை இல்லை. அதியமான் விழுந்ததும் ஔவையார் பாடியது 235-ஆம் பாட்டு. கொஞ்சம் கள் இருந்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறைய இருந்தால் நாங்கள் பாடக்கேட்டுத் தானும் குடிப்பான் என்கிறார். அவன் மார்பில் பாய்ந்த வேல் பாணர்களின் பாத்திரத்தையும் சேர்த்துத் துளைத்தது என்கிறார். இந்த ஒரு பாட்டில் என்னால் வாலாட்ட முடியவில்லை. அடுத்ததற்குப் போகிறேன்.

தகடூரை அழித்த அந்தச் சேரன் மகா முரடன் என்று நினைக்கத் தோன்றும். அவன் வீட்டுக்கு மோசிகீரனார் போனார். நடந்து வந்த களைப்பு. முரசைக் குளிப்பாட்ட எடுத்துப் போயிருந்தார்கள். அது இருக்கும் கட்டில் காலியாகக் கிடந்தது, மெத்தென்று பூ வேறு பரப்பியிருந்தது. புலவர் ஏறிப் படுத்துக் குறட்டை விட்டார். முரசுக்கட்டிலில் ஏறினவனை இரண்டு துண்டாக்குவது ராச்சியத்தின் சட்டம். சேரன் வந்தான், பார்த்தான், வாளை வைத்துவிட்டு விசிறியை எடுத்து வீசினான். கண்ணைத் திறந்தால் எதிரே தகடூர் எறிந்தவன் விசிறிக்கொண்டு நிற்கிறான். மோசிகீரனார் பயத்தையெல்லாம் திரட்டிப் புறநானூற்றின் 50-ஆம் பாட்டைப் பாடினார். என் மச்சானும் பூசை அறைப் பாயில் படுத்துத் தூங்கிய ஒரு விருந்தாளியை எழுப்பாமல் விட்டார். விசிறவில்லை. மின்விசிறியைப் போட்டுவிட்டு, மின்கட்டணத்தில் சேர்த்துக்கொண்டார்.

அதியமான் என்று ஒருவன் இருந்ததற்குப் பாட்டைத் தவிர வேறென்ன சாட்சி என்று கேட்டால், 1981-இல் கிடைத்த ஜம்பைக் கல்வெட்டைக் காட்டலாம். தமிழ் பிராமி எழுத்து. அதில் இருப்பது போர் இல்லை, வெற்றி இல்லை, ஔவையாருக்குக் கொடுத்த நெல்லிக்கனியும் இல்லை. சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பாளி என்கிறது, அதாவது தங்குமிடம். மலைக்குகையில் துறவிகளுக்கு இடம் கொடுத்திருக்கிறான். அதுவும் தகடூரில் இல்லை. அவன் அடித்துப்பிடித்த காரியின் திருக்கோவலூருக்குப் பக்கத்தில். போட்டிக்காரன் ஊரிலேயே போய் ஒரு கிளை திறந்திருக்கிறான் மனுசன். அங்கே தங்கியவர்கள் பாடிய பாட்டு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கறியும் கள்ளும் கிடையாத இடத்துக்கு யார் உட்கார்ந்து மதிப்புரை எழுதுவார்கள்?